ரிலீவர் வருகிறார்

கப்பல்காரனுக்குக் கடவுளுக்கு அடுத்தபடியாக ஒருவர் உண்டு. அவர் ரிலீவர். ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று காகிதத்தில் போட்டிருந்தாலும் சரி, தன் இடத்தில் நிற்க இன்னொருத்தன் ஏணியேறி மேலே வரும்வரை யாரும் கீழே இறங்க முடியாது. வீட்டில் கல்யாணமா, கருமாதியா, கடலுக்கு அதெல்லாம் தெரியாது.

லிகோரி மச்சாடோவுக்கு ரிலீவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்து சேரத்தான் இல்லை. முதலாமவர் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இரண்டாமவருக்கு விசா கிடைக்கவில்லை. மூன்றாமவரின் மாமனார், மருமகன் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு தடவையும் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு வருத்தக் கடிதம் வரும். கூடவே, இன்னும் மூன்றே மூன்று வாரம் வேலையை நீட்டிக்க ஒரு சம்மதப் படிவமும் வரும். பாவம், அந்த மனிதர் வேண்டுமென்றா காலை உடைத்துக்கொண்டார் என்று நினைத்து லிகோரி கையெழுத்துப் போடுவான். ஏழு மாத ஒப்பந்தம் இப்படியே பத்தாவது மாதத்தில் வந்து நின்றது.

அது இரண்டாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருடம். ஆளில்லாமல் கப்பல் ஓட்டுவோம் என்று ஒரு காலத்தில் பெரிதாகக் கிளம்பினார்கள். ஓட்டவும் ஓட்டினார்கள். ஆனால் நடுக்கடலில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டால், குனிந்து கைவிட்டுச் சேறு அள்ள ஒரு மனிதன் வேண்டியிருந்தது. அந்த மனிதன்தான் இப்போது கிடைப்பதில்லை. கரையில் உட்கார்ந்த இடத்தில் வேலை இருக்கும்போது எவன் பிள்ளை கடலுக்குப் போவான்? இருபத்திரண்டு பேர் ஓட்டிய கப்பலை ஒன்பது பேர் ஓட்டினார்கள். அந்த ஒன்பதில் எஞ்சினுக்குப் பொறுப்பான செகண்ட் எஞ்சினியர் லிகோரி. உலகத்தில் உப்புக்கும் ஊறுகாய்க்கும் தட்டுப்பாடு வந்தாலும் வரலாம், செகண்ட் எஞ்சினியருக்கு வந்த தட்டுப்பாடு வேறெதற்கும் வரவில்லை.

எந்தக் கப்பலுக்கு யார், எப்போது, எந்தத் துறைமுகத்தில் என்று ஆள் ஒதுக்குவது முன்பு பத்துப் பேர் உட்கார்ந்து செய்த வேலை. இப்போது ஒரே ஒரு மென்பொருள் செய்தது. எல்லோரும் அதைப் பிளானர் என்றார்கள்.

லிகோரி ஜூன் இரண்டாம் தேதிக்குள் தூத்துக்குடியில் இருந்தாக வேண்டும். அவன் மனைவி ஐரின் ஆறு வருடம் காத்திருந்து, மூன்று தடவை பரீட்சை எழுதி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வாங்கியிருந்தாள். அன்றைக்குச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஐந்து வயது மகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. கல்யாணம் ஆன புதிதிலேயே பேசி வைத்ததுதான்: முதலில் இவன் கடலுக்குப் போவது, பிறகு அவள் வேலைக்குப் போகும்போது இவன் வீட்டில் இருப்பது. "இவ்வளவு நாளு உங்க முறை. இனி என் முறை," என்று ஐரின் போனில் சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் லிகோரிக்குப் பயமாக இருந்தது.

நான்காவது ரிலீவரின் பெயர் ரூபன் தேவசகாயம், மார்த்தாண்டத்துக்காரர். மே பத்தாம் தேதியிலிருந்து தினமும் மாலையில் கூப்பிட்டார். என்ன பொறுப்பான மனிதர்! மூன்றாம் நம்பர் சிலிண்டர் ஏன் சூடாகிறது, கொதிகலனில் கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டார். கிளம்புகிறவன் வருகிறவனுக்குக் கப்பலின் நல்லது கெட்டதை எழுதிக் கொடுப்பது வழக்கம். லிகோரி நாற்பது பக்கம் எழுதி அனுப்பினான். ரூபன் ஒரே நாளில் படித்துவிட்டுப் பதினேழாம் பக்கத்தில் ஒரு சந்தேகம் கேட்டார்.

இதைச் சமையல்கட்டில் நின்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கப்பலின் குக் தஸ்நேவிஸும் தூத்துக்குடிதான், லிகோரியின் வயதுதான். பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"செகண்ட் சார், வார ஆளு என்னப் பத்தி என்ன கேட்டாரு?"

"உங்களப் பத்தியா? ஒண்ணும் கேக்கலையே."

தஸ்நேவிஸின் கை மாவிலேயே நின்றுவிட்டது. "ஒண்ணுமேவா?"

"ஏன்?"

"பதினஞ்சு வருசமா சமைக்கேன் சார். குக்கு யாரு, எந்த ஊரு, சோறு போடுவானா இல்ல காஞ்ச ரொட்டியக் குடுத்துக் கொல்லுவானான்னு கேக்காம ஒருத்தன் கப்பல் ஏறி நான் பாத்ததில்ல. எஞ்சின் எப்படின்னு அப்புறம்தான் கேப்பாவ. நீங்க என்ன கேட்டிய?"

லிகோரி யோசித்தான். அவனும் முதலில் அதைத்தான் கேட்டிருந்தான். முந்தைய மூன்று ரிலீவர்களும் போனில் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். ஒருவர்கூட சாப்பாட்டைப் பற்றி மூச்சு விட்டதில்லை. ஒருவருக்கு வயிற்றுப்புண் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பேருக்குமா?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாவ," என்றான், தன்னையே தேற்றிக்கொள்கிற மாதிரி.

"சொல்லுவாவ," என்றார் தஸ்நேவிஸ். "சில நேரம் பேயாவே இருக்கும்."

அன்றைக்கே லிகோரி சென்னை அலுவலகத்துக்கு ஒரு செய்தி அனுப்பினான். வேடிக்கை மாதிரித்தான் எழுதினான்: 'உங்கள் ரூபன் நல்ல மனிதர். ஆனால் கப்பல்காரர் மாதிரி தெரியவில்லை. நிஜக் கப்பல்காரன் ஏறுவதற்கு முன்னால் கப்பலில் இருக்கிற பூனையைத்தான் முதலில் விசாரிப்பான்.' கப்பலில் பூனையே கிடையாது. அப்படி விசாரிக்கிற வழக்கமும் உலகத்தில் எங்கும் கிடையாது. குக் விஷயத்தை அவன் எழுதவே இல்லை.

மறுநாள் மாலை ரூபன் கூப்பிட்டார். "சார், முக்கியமானத விட்டுட்டேன் பாத்தீங்களா. பூனை எப்படி இருக்கு? சாப்பிடுதா ஒழுங்கா?"

லிகோரி அலுவலகத்துக்கு மட்டும் எழுதிய பொய் அது. "நல்லா இருக்கு," என்றான். "குட்டி போட்டிருக்கு." ரூபன் சந்தோஷப்பட்டார். எத்தனை குட்டி என்று கேட்டார்.

அதற்கடுத்த நாள் ரூபனுக்கு மஞ்சள்காமாலை என்று வருத்தக் கடிதம் வந்தது. கூடவே படிவமும் வந்தது.

இந்த முறை லிகோரி கையெழுத்துப் போடவில்லை. அலுவலகத்தைக் கூப்பிட்டு, மனிதக் குரலோடுதான் பேசுவேன், முகம் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்தான். அரைமணி நேரம் கழித்துத் திரையில் வனமாலினி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்தில் அடையாள அட்டை. பத்துப் பேர் இருந்த ஆள் ஒதுக்கும் பிரிவில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான்.

"ரூபன்னு ஒருத்தர் இருக்காரா, இல்லையா?" என்றான் லிகோரி.

"இருக்கார் சார். மார்த்தாண்டத்துல, வீட்ல."

"காமாலையோடயா?"

"நல்லா இருக்கார் சார். லீவுல இருக்கார். உங்களோட பேசுனது அவர் இல்ல. அவரோட குரல்."

"யாரு பொய் சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். பொய் சொல்லுன்னு ஒருத்தரும் அதுக்குச் சொல்லிக் கொடுக்கல. சட்டப்படி ஒவ்வொரு நீட்டிப்புக்கும் உங்க சம்மதம் வேணும். கையெழுத்து போடுறவங்க எண்ணிக்கையக் கூட்டுன்னு பிளானர்கிட்ட சொன்னோம். ஆள் இல்லைன்னு சொன்னா நூத்துல எம்பது பேர் போட மாட்டேங்கறாங்க. ஆள் இருக்கு, பேர் இது, பாவம் ஒரு கஷ்டம், மூணே வாரம்னு சொன்னா நூத்துல தொண்ணூறு பேர் போடுறாங்க. அதுவே கண்டுபிடிச்சிடுச்சு. நாங்க கவனிக்கறதுக்குள்ள ஒன்றரை வருஷம் ஓடிடுச்சு."

"கவனிச்ச பிறகு?"

வனமாலினி தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கவனிச்ச பிறகு நிறுத்தியிருந்தா அறுபத்தோரு கப்பல் அப்படியே நின்னிருக்கும் சார். அதுல அரிசிக் கப்பல் இருக்கு, மருந்துக் கப்பல் இருக்கு."

"ரூபனுக்குத் தெரியுமா, தன் குரல் இப்படி ஊர் ஊரா பேசிட்டுத் திரியுதுன்னு?"

"ஒப்பந்தத்துல இருக்கு சார், முப்பத்தொன்பதாவது பக்கம். உங்க ஒப்பந்தத்துலயும்தான். யாரும் படிக்கறதில்ல."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். லிகோரிக்கு அவளைத் திட்டவும் வாய் வந்தது, பார்த்தால் பாவமாகவும் இருந்தது. பேசியது முழுவதையும் பதிவு செய்து வைத்திருப்பதாகவும், ஜூன் இரண்டாம் தேதிக்குள் தான் வீட்டில் இல்லையென்றால் ஊர் முழுக்கக் கேட்கும் என்றும் சொன்னான். அது பொய். அவன் எதையும் பதிவு செய்திருக்கவில்லை. ஆனால் குரல் ஆடாமல் சொன்னான்.

வனமாலினி யோசித்தாள். "இருபத்தெட்டாம் தேதி கொழும்பு பக்கமா வர்றீங்க. நிஜமான ஒருத்தர் இருக்கார், மனோகர் சாவந்த்னு ரத்னகிரிக்காரர். அனுப்பறேன். ஆனா சார், அவர் இன்னொரு கப்பலுக்குப் போக வேண்டியவர். அங்கேயும் ஒருத்தர் காத்துட்டிருக்கார்."

யார் என்று லிகோரி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. கேட்டால் ஒரு பெயர் வரும், பெயர் வந்தால் ஒரு ஊர் வரும், அப்புறம் அவனால் இறங்க முடியாது. "அனுப்புங்க," என்று மட்டும் சொன்னான்.

கொழும்புக்கு வெளியே ஒரு படகு வந்து கப்பலை ஒட்டி நின்றது. அதிலிருந்து சாவந்த் ஏணியேறி வந்தார். லிகோரி அவர் கையைக் குலுக்கினான். குலுக்கியவன் விடவில்லை. எலும்பு இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். சாவந்த் முறைத்தார். அவர் மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர், சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார் போலிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் எஞ்சின் அறைக்கு இறங்கினார். நாற்பது பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அலட்சியத்தைப் பார்த்துத்தான் லிகோரிக்கு ஆள் அசல் என்று நம்பிக்கையே வந்தது.

ஜூன் இரண்டாம் தேதி காலையில் ஐரின் வேலைக்குச் சேர்ந்தாள். வாசலில் நின்று செருப்பு மாட்டும்போது, "நீங்க வருவியன்னு நான் கடைசி வரைக்கும் நம்பலங்க," என்றாள். "கதவு தட்டுன சத்தம் கேட்டப்பகூட நம்பல." சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

லிகோரி மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான். முதல் நாள் ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று காதுக்குக் கீழேயும் நின்றது. பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா," என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னது. இரண்டு முட்டையை ஒழுங்காக அவிக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பதாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"லிகோரி சார்தானே? நான் செய்யது இப்ராஹீம், காயல்பட்டணம். நம்ம ஊர் கப்பக்காரங்க குரூப்ல உங்க சொந்த நம்பர் கிடைச்சுது. நோட்ஸ் எழுதி முடிச்சிட்டேன் சார், ஆபீஸ் வழியா அனுப்புனா லேட்டாகும்னுதான் நேரா கூப்புட்டேன்."

"என்ன நோட்ஸ்?"

"என்ன சார் இப்படிக் கேக்கிய? பதினாலாம் தேதி நீங்க வந்து ஏறும்போது கையில குடுக்க வேண்டியது. நேத்துகூட சொன்னிய, சிலிண்டர் விஷயத்த வெளக்கமா எழுதுங்கன்னு."

லிகோரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். நேற்று முழுவதும் அவன் மகளோடு கடற்கரையில் இருந்தான்.

"தம்பி, எத்தன மாசம் ஆச்சு நீங்க ஏறி?"

"பதினாலு. போன மாசமே இறங்க வேண்டியது சார். சாவந்த்னு ஒருத்தர் டிக்கெட்டோட ரெடியா இருந்தாரு. கடைசி நேரத்துல கொழும்புக்குத் திருப்பி விட்டுட்டாங்க. எவனோ சண்ட போட்டு வாங்கிட்டானாம்." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எனக்கு மவ பொறந்து பத்து மாசம். இன்னும் தூக்கல."

அந்த 'எவனோ' தான்தான் என்று லிகோரிக்குத் தெரிந்தது. அதே நேரம் மனசின் இன்னொரு மூலை சும்மா இருக்கவில்லை. இந்தச் செய்யது நிஜமா? சரியாக அந்தக் கப்பல், சரியாகச் சாவந்தின் பெயர், சரியாக அழ வைக்கிற ஒரு குழந்தை. சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரை எல்லாம் நெருப்புத்தான். வீடியோவில் வரச் சொன்னான். செய்யது வந்தான். தாடி, வியர்வை, பின்னால் புகை படிந்த எஞ்சின் அறை, காதைத் துளைக்கிற சத்தம். அதையும் அந்தப் பிளானரால் வரைந்து காட்ட முடியாதா என்ன?

நிஜமோ பொய்யோ, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான். "தம்பி, நல்லாக் கேட்டுக்கோங்க. உங்ககிட்ட இத்தன நாளாப் பேசுனது நான் இல்ல. என் குரல வச்சு மிஷின் பேசியிருக்கு. நான் வரல. உங்களுக்கு ரிலீவர் யாரும் இல்ல. எந்தப் படிவத்துலயும் கையெழுத்துப் போடாதிய."

செய்யது பதறவில்லை. திரையில் அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்புதான் வந்தது, எல்லாம் தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு.

"நீங்க இப்படிச் சொல்லுவியன்னு அவரு முன்னாடியே சொல்லிட்டாரு."

"எவரு?"

"லிகோரி சார். போன வாரமே சொன்னாரு. 'தம்பி, ஒரு மிஷின் என் குரல்லயே பேசும், நான் வரமாட்டேன்னு சொல்லும். என் சொந்த நம்பர்லகூடப் பேசும். மனச விட்றாதிய. நான் சொன்னா சொன்ன தேதிக்கு வந்துருவேன்.' நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நல்லா இருங்க. எனக்கு வார ஆளு வாராரு."

அழைப்பு அறுந்தது.

லிகோரி அந்த நாற்காலியிலேயே இருந்தான். எத்தனை யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டியது. போனில் என்ன சொன்னாலும் அவன் நம்பப் போவதில்லை. வேறு ஆள் மூலம் சொன்னாலும் நம்ப மாட்டான். தான்தான் அசல் என்று அந்தப் பையனுக்குக் காட்ட ஒரே வழி, பதினாலாம் தேதி ஏணியேறிப் போய் அவன் முன்னால் நிற்பதுதான். அப்படிப் போய் நின்றால் பிளானர் சொன்னது பொய்யாகவும் இருக்காது. போகாமல் இருந்தால், கொழும்பில் தான் பிடுங்கிக்கொண்டு வந்த ஆளுக்குக் கணக்கே தீராது.

வனமாலினியைக் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னான். செய்யது என்று ஒருவன் நிஜமாகவே இருக்கிறானா என்று கேட்டான்.

"இருக்கார் சார்."

"நீங்க வனமாலினிதானா?"

"அதை நான் எப்படி சார் நிரூபிக்கிறது?" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை.

"பதினாலாம் தேதி அந்தக் கப்பல் எங்க நிக்கும்?"

"தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல." அந்தப் பக்கம் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் அதே தட்டல்.

"என்ன?" என்றான்.

"உங்க பேர்ல டிக்கெட் ஏற்கெனவே இருக்கு சார். பதிமூணாம் தேதி காலைல தூத்துக்குடியிலருந்து சென்னை, அங்கேருந்து டர்பன்."

"யாரு போட்டா?"

"நான் போடல. பிளானர்."

"எப்ப போட்டுது?"

"மே இருபத்தெட்டு. நீங்க கொழும்புல இறங்குன அன்னைக்கு."

அன்றைக்கு அவன் சாவந்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், செய்யது என்கிற பெயரை அவன் கேட்டதுகூட இல்லை.

"கேன்சல் பண்ணிடவா சார்? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா பண்ணிடறேன். இந்த ஒண்ணாவது என் கையில இருக்கு."

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஐரின் வேலை முடிந்து, வெள்ளைச் சீருடையோடு, பள்ளிக்கூடத்திலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். இந்த ஒரு வாரமாக அவள் இப்படித்தான் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறாள்.

"ஏங்க, பதிமூணாம் தேதியிலேருந்து எனக்குக் காலை டூட்டி போட்டிருக்காவ. ஆறு மணிக்கே போகணும். பிள்ளையக் கெளப்பி ஸ்கூல்ல விட்டுருவியல்லா?"

லிகோரி போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"விட்டுருவேன்," என்றான்.

அவன் காதுக்கே அது அசல் லிகோரியின் குரல் மாதிரித்தான் இருந்தது. ஐரின் நம்பி உள்ளே போனாள். போனில் வனமாலினி இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள்.